இறங்க வழி இருக்கா?

  

எதிரணி நண்பர் ஒரு வாதம் வைத்தார். "விமானம் வந்த புதுசில எத்தனையோ பேர் விழுந்து செத்தாங்க. இன்னைக்கு லாஸ்பேட்டையில பாட்டி தைரியமா ஏறுறாங்க. விண்வெளிப் பயணமும் தானா அப்படி ஆயிடும்" என்றார். அந்தத் 'தானா'வோடதான் எனக்குச் சண்டை!

செத்தது உண்மை. இந்த ஊரை ஆண்ட பிரெஞ்சுக்காரர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். 1783 நவம்பரிலே பாரிஸ் நகரத்துக்கு மேலே பலூனில் பறந்து காட்டினார் பிலாத்ர் த ரோசியே. 1785 ஜூனிலே அவரே ஆங்கிலக் கால்வாயைத் தாண்டப் போய் விழுந்து இறந்தார். கூடப் போனவரும் போய்விட்டார். 1908-லே ஆர்வில் ரைட் ஓட்டிய விமானம் விழுந்து, பக்கத்திலே உட்கார்ந்திருந்த செல்ஃப்ரிட்ஜ் இறந்தார்.

ஆனால் பிளேரியோவைப் பாருங்கள். 1909 ஜூலை 25. கால்வாயைத் தாண்டி டோவரிலே இறங்கும்போது சக்கரம் உடைஞ்சுது, விசிறி உடைஞ்சுது. ஆளுக்கு ஒண்ணுமில்லை! ஏன்? வேகம் குறைவு. இறக்கை இருக்கு. இஞ்சின் நின்னாலும் சறுக்கிக்கிட்டே வந்து ஒரு வயல்ல இறங்கலாம். பூமியைச் சுற்றுகிற கலம் மணிக்குச் சுமார் 28,000 கிலோமீட்டர் வேகத்திலே போகிறது. அங்கே வயல் ஏது, வரப்பு ஏது? (சிரிப்பு)

இன்னொன்று. விமானக்காரன் ஆயிரம் தடவை பறந்தான், விழுந்தான், பழுது பார்த்தான், மறுபடி பறந்தான். அமெரிக்காவின் ஷட்டில் 1981 முதல் 2011 வரை 30 வருஷத்திலே பறந்ததே 135 தடவை. அதிலே இரண்டு அழிந்தன. 14 உயிர் போனது. கிட்டத்தட்ட 67-க்கு ஒண்ணு. கடலூர் போற பஸ் 67 டிரிப்புக்கு ஒரு தடவை கவிழும்னா யாரய்யா ஏறுவீங்க? (கைதட்டல்)

1986-லே சேலஞ்சர் 73-ஆவது விநாடியிலே சிதறியது. ரப்பர் வளையம் குளிர் தாங்காதுன்னு முதல் நாள் ராத்திரியே பொறியாளர்கள் சொன்னார்கள். கேட்கவில்லை. 2003-லே கொலம்பியா, நம்ம கல்பனா சாவ்லா. மேலே கிளம்பும்போதே நுரைக்கட்டி ஒண்ணு இறக்கையிலே அடிச்சிருந்தது. அந்த நேரத்திலே தப்பிக்க இரண்டு கலத்திலும் வழி வைக்கவில்லை.

வழி வைத்தால் என்ன நடக்கும்? 1983 செப்டம்பர் 26. ரஷ்ய ராக்கெட் ஏவுதளத்திலேயே தீப்பிடித்தது. கட்டளை போகிற கம்பிகள் எரிந்துவிட்டன. ரேடியோ வழியாக உத்தரவு போட்டார்கள். உச்சியிலே இருந்த சின்ன ராக்கெட், உள்ளே இருந்த டிட்டோவையும் ஸ்ட்ரெகலோவையும் கூண்டோடு பிய்த்துக்கொண்டு பறந்தது. சில விநாடியிலே கீழே எல்லாம் வெடித்தது. இரண்டு பேரும் பிழைத்தார்கள். ஆறே மாதம் கழித்து, 1984 ஏப்ரல் 3-ஆம் தேதி, அதே ஸ்ட்ரெகலோவ் மறுபடி ஏறினார். கூட உட்கார்ந்திருந்தவர் யார் தெரியுமா? நம்ம ராகேஷ் சர்மா! (பலத்த கைதட்டல்)

அந்த மாதிரித் தப்பிக்கிற ஏற்பாட்டைத்தான் ககன்யானுக்காக 2023 அக்டோபர் 21-ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலே ஆள் இல்லாமல் பறக்கவிட்டுச் சோதித்தார்கள். 2025 ஜூனிலே சுபான்ஷு சுக்லா ஏற வேண்டிய அமெரிக்க ராக்கெட்டிலே ஆக்ஸிஜன் கசிவு. சரிசெய்தால்தான் ஆச்சு என்று நின்றது நம்ம இஸ்ரோ. தலைவர் நாராயணன், கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர். பயணம் தள்ளிப்போய், 25-ஆம் தேதி கிளம்பினார் சுக்லா. ஜூலை 15-லே பத்திரமாக வந்து சேர்ந்தார்.

ககன்யான் 2022-க்குள்ளே என்று 2018-லே அறிவித்தார்கள். 2022 வந்தது, போனது. "என்னய்யா இழுக்கிறாங்க" என்று டீக்கடையிலே கேட்கிறார்கள். பயிற்சி எடுத்த நாலு பேரிலே அஜித் கிருஷ்ணன் சென்னையிலே பிறந்தவர். உங்க வீட்டுப் பிள்ளை அந்த நாற்காலியிலே உட்கார்ந்தால், நடுவர் அவர்களே, தேதியைக் கேட்பீங்களா, கசிவு அடைச்சாச்சான்னு கேட்பீங்களா?