ஃபோர்ட்ரான் நிரல்களைப் பிற மொழிகளிலிருந்து அழைத்தல்

அறிவியல் கணக்கீட்டுக்காக ஃபோர்ட்ரானில் எழுதிய துணைநிரல்களை வேறொரு நிரல்மொழிக்குள்ளிருந்து இயக்கும் முறை. ஐபிஎம் 1957இல் வெளியிட்ட ஃபோர்ட்ரானில், சோதித்துத் தேறிய கணித நிரல்கள் ஏராளமாகச் சேர்ந்தன. அவற்றைத் திரும்ப எழுதுவது வீண்வேலை. சின்னஞ்சிறு சோதனைக்கெல்லாம் ஃபோர்ட்ரானில் எழுதிக் கம்பைல் செய்வதோ அலுப்பு. பெல் ஆய்வகத்தில் ஜான் சேம்பர்ஸும் உடன் பணியாற்றியவர்களும் 1976இல் தொடங்கிய எஸ் மொழி, இந்நிரல்களுக்கு ஒரு முகப்பாகவே திட்டமிடப்பட்டது. லின்பேக், ஐஸ்பேக் நூலகங்களை மாணவர்கள் ஃபோர்ட்ரான் எழுதாமலே பயன்படுத்தட்டும் என்று 1970களின் இறுதியில் கிளீவ் மோலர் எழுதியதுதான் மேட்லேப்.

சிக்கல் இரு மொழிகளும் சந்திக்கும் எல்லையில்தான். முதல் கிடைவரிசையில் 1, 2, 3; அடுத்ததில் 4, 5, 6 உள்ள அணியை சி மொழி நினைவகத்தில் 1 2 3 4 5 6 என்று அடுக்கும். ஃபோர்ட்ரான் நெடுவரிசைப்படி 1 4 2 5 3 6 என்று அடுக்கும். இதைக் கவனிக்காமல் அனுப்பினால் பிழைச்செய்தி வராது. தவறான விடைதான் வரும். பல ஃபோர்ட்ரான் கம்பைலர்கள் துணைநிரலின் பெயருக்குப் பின்னால் ஓர் அடிக்கோட்டையும் ஒட்டிவிடும்.

எஸ்தோனியரான பியரு பீட்டர்சன் 1999இல் தொடங்கிய எஃப்2பை என்னும் கருவி, ஃபோர்ட்ரான் மூலநிரலைப் படித்து, பைத்தானுக்குத் தேவையான சி இணைப்பு நிரலைத் தானே எழுதித் தருகிறது. பின்னர் அது பைத்தானின் அணிக் கணக்கீட்டு நூலகமான நம்பையின் பகுதியாயிற்று. அடுக்கு முறை பொருந்தாத அணியை அது பெரும்பாலும் சொல்லாமலே நகலெடுத்து மாற்றிக்கொள்ளும். வசதிதான், ஆனால் அணி பெரிதானால் நினைவகம் இரட்டிப்பாகும்.

சி மொழியுடன் இணைவதற்கான விதிகள் ஃபோர்ட்ரான் 2003 தரத்தில்தான் எழுத்தில் வந்தன. அதுவரை எல்லாம் வழக்கத்தை நம்பியே நடந்தது. எழுத்துச்சரத்தை அனுப்பும்போது அதன் நீளத்தையும் மறைவாக அனுப்ப வேண்டும் என்பது அப்படியொரு வழக்கம். நேரியல் இயற்கணித நூலகமான லாபேக்கின் நிரல்களுக்கு ஒற்றை எழுத்தை மட்டுமே அனுப்பிய சி நிரலாளர்கள் பலர் அந்த நீளத்தை விட்டுவிட்டார்கள். பல்லாண்டுகள் ஒன்றும் ஆகவில்லை. 2019இல், ஜிசிசி கம்பைலர் தொகுப்பின் ஃபோர்ட்ரான் கம்பைலரான ஜிஃபோர்ட்ரான் செய்த ஒரு வேகமேம்பாடு, வராத அந்த நீளத்துக்குரிய இடத்தில் எழுதத் தொடங்கியது. புள்ளியியல் மொழியான ஆரில் லாபேக் அழைப்புகள் கோளாறாயின. ஜிசிசி குழு ஒரு மாற்றுவழியைச் சேர்த்தது. ஆர் குழு தன் அழைப்புகளில் நீளத்தையும் அனுப்பும்படி திருத்தியது.

மாறாக, பைத்தானின் அறிவியல் கணக்கீட்டு நூலகமான சைப்பையின் திட்டம் இப்போது தன்னிடமுள்ள பழைய ஃபோர்ட்ரான் 77 நிரல்களை ஒவ்வொன்றாக வேறு மொழிகளில் மாற்றி எழுதிவருகிறது.