தராசும் செயலியும்: தீவகத்துக்கான வான்வழிச் சுமைத் திட்டமிடல் குறித்து

1987 ஜூன் 3ஆம் திகதி இராமேஸ்வரத்திலிருந்து நிவாரணப் பொருட்களுடன் வந்த இந்தியப் படகுகளை இலங்கைக் கடற்படை வழிமறித்துத் திருப்பி அனுப்பியது. மறுநாள் ஐந்து அன்ரனோவ்-32 சரக்கு விமானங்கள் பெங்களூரிலிருந்து பறந்து வந்து, யாழ்ப்பாணத்தின் மேல் சுமார் 25 தொன் பொருளைப் பரசூட்டில் இறக்கின. ‘பூமாலை’ எனப்பட்ட இந்த நடவடிக்கையின் அரசியல் போதியளவு எழுதப்பட்டுவிட்டது. இங்கே எடுத்துக்கொள்வது அதன் சுமைக்கணக்கை மட்டும்.

விமானம் ஒன்றுக்குச் சராசரி 5 தொன் வருகிறது. அன்ரனோவ்-32 சுமக்கக்கூடிய உச்சமோ ஏறத்தாழ 6.7 தொன். இடைவெளிக்குக் காரணம் ஊகிக்கக்கூடியதே. பெங்களூருக்கும் யாழ்ப்பாணத்துக்கும் நேர்கோட்டுத் தூரம் சுமார் 450 கிலோமீற்றர்; இடையில் தரையிறங்காமல் திரும்புவதற்கும் சேர்த்தே எரிபொருள் ஏற்ற வேண்டும். பரசூட்டுக்கும் பொதிக்கட்டுக்கும் தனி நிறை உண்டு. இவற்றைவிட நுட்பமான சங்கதி ஒன்று இருக்கிறது. பொதி பின்கதவை நோக்கிச் சறுக்கும்போது விமானத்தின் புவியீர்ப்பு மையமும் அதனுடன் பின்னே நகரும். பொதி வெளியே விழுந்த கணத்தில் சட்டென முன்னே வரும். ஆகவே வான்வழியே பொருள் போடும் விமானத்துக்குப் புறப்படும் வேளையின் சமநிலை மட்டும் போதாது. எந்தப் பொதி முதலில், எது அடுத்தது என்ற வரிசைக்கும் கணக்கு வேண்டும்.

கணக்கு என்னவோ பாடசாலைக் கணக்குத்தான். சமநிலைப் புள்ளிக்கு 2 மீற்றர் பின்னே 1,000 கிலோ வைத்தால், 4 மீற்றர் முன்னே 500 கிலோ அதை ஈடுசெய்யும். நிறையைத் தூரத்தால் பெருக்கிக் கிடைக்கும் திருப்பங்களைக் கூட்டி, வந்த விடை அனுமதித்த எல்லைக்குள் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். தாளிலும் வரைபடத்திலும் செய்தபோது கடைசி நேரத்தில் ஏறும் ஒரு பெட்டி முழுக் கணக்கையும் குலைத்துவிடும். கைக்கணினிச் செயலி அதை நொடிகளில் திருத்தும். அமெரிக்க வான்படையின் போக்குவரத்துக் கட்டளையகம் 2012இல் 18,000 வரை ஐபாட்களை வாங்க ஒப்பந்தம் செய்தது. முதல் நோக்கம் தாள் கையேடுகளின் சுமையைக் குறைப்பது.

ஆனால் செயலி நிறுப்பதில்லை. 2020 ஜூலை 21ஆம் திகதி பேர்மிங்ஹாமிலிருந்து மஜோர்க்காவுக்குப் புறப்பட்ட பயணிகள் விமானமொன்றில், ‘மிஸ்’ என்று பதிந்திருந்த 38 பெண்களை மென்பொருள் சிறுமிகளாக எண்ணியது. உண்மை நிறை, சுமைத்தாளில் இருந்ததைவிட 1,244 கிலோ அதிகம். (‘செல்வி’ என்ற சொல்லைப் படிவத்தில் வைத்திருக்கும் நாமும் சிரிக்க முடியாது.) விமானம் பத்திரமாகவே சென்றது. 2013 ஏப்ரல் 29இல் ஆப்கானிஸ்தானின் பக்ராம் தளத்தில் அப்படி நடக்கவில்லை. ஐந்து இராணுவக் கவச வண்டிகளுடன் எழும்பிய போயிங் 747 சரக்கு விமானம் விழுந்து ஏழு பேர் இறந்தனர். அங்கே தவறியது வண்டிகளின் கட்டு. பட்டிகள் போதாமல் வண்டி பின்னே நகர்ந்து விமானத்தின் கட்டுப்பாட்டு உறுப்புகளைச் சிதைத்தது. பட்டி இறுகியிருக்கிறதா என்பதை எந்தத் திரையும் தானாக அறியாது.

இந்த இடத்தில் யாழ்ப்பாணத்தின் தீவகம் நமக்கு ஒன்றைக் கற்பிக்கிறது, ஓர் எல்லை வரை. குறிகட்டுவான் இறங்குதுறையில் நெடுந்தீவுக்கோ நயினாதீவுக்கோ சாமான் ஏற்றுபவர் அணியம் தாழ்வதையும் பக்கம் சாய்வதையும் கண்ணால் பார்க்கிறார். வள்ளமே அவருக்குத் தராசு. மிஞ்சினால் இரண்டு சீமெந்து மூட்டையை இறக்கிவிடலாம். தரையில் சில்லுகளின் மேல் நிற்கும் விமானம் இப்படி வெளிப்படையாகக் காட்டிக்கொடுக்காது. பிழை தெரியவரும்போது விமானம் ஓடுபாதையின் இறுதியில் இருக்கும். எனவே கடலோடியின் கண்மதிப்பு பலாலி விமான நிலையத்துக்குச் செல்லுபடியாகாது. அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு: ஏற்றுபவருக்கே ‘இது போதும்’ என்று நிறுத்தும் உரிமை உண்டு.

புயலோ போரோ வந்தால் தீவகத்துக்கான பொருள் பெரும்பாலும் பலாலியில் இறங்கி, தரைவழியே குறிகட்டுவான் போய், வள்ளத்தில் ஏற வேண்டியிருக்கும். மூன்று இடத்திலும் ஒரே பொதி மூன்று கைகளில் மாறும். அதற்கென உருவாக்கும் செயலியில், தராசில் நிறுத்த நிறையும் மதிப்பிட்ட நிறையும் தனித்தனிக் கட்டங்களில் இருக்க வேண்டும். பொதியின் கட்டைக் கையால் சோதித்தவரின் பெயர் பதியப்பட வேண்டும். இணையமும் மின்சாரமும் அற்ற வேளையில் அதே கணக்கைத் தாளில் தொடர வழி இருக்க வேண்டும். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் அந்தச் செயலியைச் சேவைக்கு எடுக்கக் கூடாது.