விபத்து என்று எழுதப்பட்ட கொலை

ஒரு கலைஞரைக் கொன்றுவிட்டு, அவருக்கே அரசு மரியாதையும் செய்ய முடியுமா? ஸ்டாலினின் அரசு செய்தது.

சாலமன் மிகோயல்ஸ் 1890இல், இன்று லாத்வியாவில் உள்ள டௌகாவ்பில்ஸ் நகரில் பிறந்த யூதர். கிழக்கு ஐரோப்பிய யூத எளிய மக்களின் வீட்டுமொழி இத்திஷ். படித்தவர்கள் பலர் 'கொச்சை' என்று ஒதுக்கிய அந்த மொழியில்தான் 1935இல் மாஸ்கோ மேடையில் லியர் மன்னனாக நடித்தார்.

ஹிட்லருக்கு எதிரான போரில் யூத பாசிச எதிர்ப்புக் குழுவுக்குத் தலைமையேற்றார். 1943இல் அமெரிக்கா சென்று சோவியத்துக்கு நிதி திரட்டினார். போர் முடிந்ததும் நிலை மாறியது. யூதப் படுகொலையை ஆவணப்படுத்தி அக்குழு தொகுத்த 'கருப்புப் புத்தக'த்தை அரசு அச்சேற விடவில்லை.

1948 ஜனவரியில் மின்ஸ்க் நகரில் அரசின் ரகசியக் காவல்துறை அவரைக் கொன்று, உடலைப் பனி மூடிய தெருவில் போட்டது. விபத்து என்றார்கள். அரசு மரியாதையுடன் அடக்கம் செய்தார்கள். அடுத்த ஆண்டே அவருடைய நாடக அரங்கை மூடினார்கள். லியருடன் கோமாளியாக நடித்த பெஞ்சமின் சுஸ்கினை 1952 ஆகஸ்ட் 12இல் சுட்டுக் கொன்றார்கள்.

ஸ்டாலின் இறந்தபின், 1953இல், அது கொலைதான் என்று அரசின் உள்கடிதமே ஒப்புக்கொண்டது.

அரசு வைக்கும் மலர்வளையத்தைக் கண்டு நாம் வாயடைத்துவிடக் கூடாது. அந்த மக்களின் மேடையை ஏன் மூடினாய் என்று கேட்க வேண்டும்.