மிளகுக் குப்பி மாதிரி ஒரு கணக்கு மெஷின்

கர்ட்டா என்று ஒரு சாமான் இருக்கிறது. பார்த்தால் கணக்குப் போடுகிற மெஷின் என்று சத்தியமாகச் சொல்ல மாட்டீர்கள். கறுப்பாக, உருண்டையாக, உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவு, உச்சியில் குட்டியாக ஒரு கைப்பிடி. வெள்ளைக்காரர்கள் சாப்பாட்டு மேஜையில் மிளகு அரைக்க ஒரு குப்பி வைத்திருப்பார்களே, அச்சு அசல் அதே சாயல். மிளகு அரைப்பான் என்றே அதற்கு ஒரு செல்லப்பெயர் உண்டு. பேட்டரி கிடையாது, கரண்ட் கிடையாது. கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் நாலும் போடும். பொறுமை இருந்தால் வர்க்கமூலம் கூட எடுக்கலாம்.

பழைய கணக்கு மெஷின்கள் மேல் எனக்குக் கொஞ்சம் பைத்தியம் உண்டு. நம்மூர் பழைய ஆபீஸ்களில் தட்டுப்பட்ட பாசிட் மெஷின்களைப் பார்த்து ஆரம்பித்தது. ஆனால் பாசிட்டை மேஜையில்தான் வைக்க முடியும். சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போகலாம் என்றால் கர்ட்டாதான். இன்றைக்கு நல்ல நிலைமையில், அதோட டப்பாவும் சேர்ந்து கிடைத்தால் ஆயிரம் டாலருக்கு மேல் கேட்கிறார்கள்.

அவ்வளவு அரிதா? அதுதான் இல்லை. மொத்தம் சுமார் 1,40,000 மெஷின்கள் செய்திருக்கிறார்கள். அப்புறம் ஏன் இந்த விலை? விற்கிறவர்கள் தவறாமல் ஒரு வரி சேர்ப்பார்கள்: "நாஜி வதைமுகாமில் கண்டுபிடிக்கப்பட்ட மெஷின்". அந்த ஒரு வரிக்கே சில நூறு டாலர் கூடும் போலிருக்கிறது. எனக்கு அந்த வரியில்தான் தகராறு.

இதைச் செய்தவர் கர்ட் ஹெர்ஸ்டார்க். 1902-ல் வியன்னாவில் பிறந்தவர். அப்பாவே கணக்கு மெஷின் தொழிற்சாலை வைத்திருந்தவர், மகனும் அதையே விற்று, ரிப்பேர் பார்த்து வளர்ந்தவர். கையில் எடுத்துப் போகிற மாதிரி ஒன்று வேண்டும் என்று வாடிக்கையாளர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். மற்றவர்கள் பெரிய மெஷினை எப்படிச் சின்னதாக்குவது என்று மண்டையை உடைத்துக்கொண்டிருக்க, இவர் தலைகீழாக யோசித்தார். கை எப்படிப் பிடிக்கும், விரல் எங்கே போகும் என்று வெளி உருவத்தை முதலில் முடிவு செய்துவிட்டு, உள்ளே என்ன வைக்கலாம் என்று பிறகு பார்த்தார்.

உள்ளே என்ன பிரச்னை என்றால், லைப்னிட்ஸ் 17-ம் நூற்றாண்டிலேயே ஒரு படி உருளை கண்டுபிடித்துவிட்டார். நீளம் ஒன்றுக்கொன்று வித்தியாசமான ஒன்பது பற்கள் உள்ள உருளை. எந்த எண் வேண்டுமோ அத்தனை பல் மட்டும் பக்கத்துச் சக்கரத்தில் மாட்டும். ஆனால் ஒவ்வொரு இலக்கத்துக்கும் ஒரு உருளை தேவை. எட்டு இலக்கம் என்றால் எட்டு. எங்கே சட்டைப்பையில் போடுவது? ஹெர்ஸ்டார்க் நடுவில் ஒரே ஒரு உருளையை வைத்து, எல்லா இலக்கங்களையும் அதைச் சுற்றி நிறுத்திவிட்டார். கைப்பிடியை ஒரு சுற்று சுற்றினால் உருளை எல்லா இலக்கத்தையும் வரிசையாகத் தொட்டுக்கொண்டு போகும்.

கூட்டல் சரி, கழித்தலுக்கு? பெரிய மெஷின்களில் கைப்பிடியைத் திருப்பிச் சுற்றுவார்கள். இதில் அதற்கு வழியில்லை. அவர் பிடித்த குறுக்குவழி ஒன்பதின் நிரப்பு. 500-லிருந்து 123-ஐக் கழிக்க வேண்டும். ஒவ்வொரு இலக்கத்தையும் 9-லிருந்து கழித்தால் 876. அதை 500-உடன் கூட்டினால் 1376. முன்னால் உள்ள 1-ஐ விட்டுவிட்டு, கடைசியில் ஒன்று கூட்டினால் 377. கழிக்காமலேயே கழித்தாச்சு! அதே உருளையில் இந்த நிரப்பு எண்களுக்கும் பற்கள் வைத்தார். கைப்பிடியைக் கொஞ்சம் மேலே இழுத்துச் சுற்றினால் கழித்தல், கீழே விட்டுச் சுற்றினால் கூட்டல். சுற்றுகிற திசை எப்போதும் ஒன்றே.

இதற்கு அவர் பேடன்ட் கேட்டது 1938-ல். கவனியுங்கள், 1938. அந்த வருஷம் மார்ச்சில் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கினார். கர்ட்டின் அப்பா யூதர், ஆகவே மகன் அவர்கள் கணக்கில் பாதி யூதர். தொழிற்சாலையை ராணுவத்துக்கு அளவுகருவி செய்யப் போட்டுவிட்டார்கள். கணக்கு மெஷின் கிடப்பில் போனது. 1943-ல் அவரிடம் வேலை பார்த்த இரண்டு பேர் ஆங்கில ரேடியோ செய்திகளைப் பரப்பியதாக மாட்டிக்கொண்டார்கள். அவர்களுக்காகப் பேசப்போன இவரையும் பிடித்து புக்கன்வால்டு முகாமுக்கு அனுப்பினார்கள்.

அங்கே முகாமை ஒட்டிய ஆயுதத் தொழிற்சாலையில் இவருடைய கைத்திறன் தேவைப்பட்டது. சின்ன கணக்கு மெஷின் விஷயம் ஏற்கெனவே அவர்கள் காதில் விழுந்திருந்தது. வரைந்து கொடு, போரில் ஜெயித்ததும் தலைவருக்குப் பரிசாகக் கொடுப்போம், உன்னை ஆரியனாக்கிவிடுவோம் என்றார்கள். பகலெல்லாம் தொழிற்சாலை, மற்ற நேரத்தில் வரைபடம். மனசில் இருந்ததைப் பாகம் பாகமாகக் காகிதத்தில் இறக்கினார். உயிர் பிழைக்க அதுதான் கயிறு.

ஆக முகாமில் பிறந்தது வரைபடம். கண்டுபிடிப்பு இல்லை. அது ஒரு சுதந்திர மனுஷன் முகாமுக்கு ஐந்து வருஷம் முன்னாடியே செய்தது. "வதைமுகாமில் கண்டுபிடித்தது" என்று எழுதும்போது, தெரியாமலேயே அந்த முகாமுக்கு ஒரு பெருமையைக் கொடுத்துவிடுகிறோம். அது தடுத்தது, தாமதப்படுத்தியது, அவ்வளவுதான்.

1945 ஏப்ரல் 11 முகாம் விடுதலை. வரைபடங்களோடு பக்கத்தில் சோமர்டா ஊர் தொழிற்சாலைக்குப் போய் மூன்று மாதிரி மெஷின்கள் செய்தார். அந்தப் பகுதிக்கு ரஷ்யர்கள் வந்ததும் அவற்றைப் பாகம் பாகமாகப் பிரித்து எடுத்துக்கொண்டு வியன்னாவுக்கு ஓட்டம். கடைசியில் கைகொடுத்தது லிக்டன்ஸ்டைன் என்கிற குட்டி நாடு. அரசர் ஆதரவோடு கான்டினா கம்பெனி தொடங்கியது. அங்கேயும் நிம்மதி இல்லை. முதலீட்டாளர்கள் கம்பெனியைத் திருத்தி அமைக்கிறோம் என்று அவருடைய பங்குகளைச் செல்லாக்காசாக்கிவிட்டார்கள். பேடன்ட் மட்டும் அவர் பெயரிலேயே இருந்தது. அதனால் பேரம் பேச வந்தே ஆகவேண்டியதாயிற்று. அந்த 1938 காகிதம்தான் அவரைக் காப்பாற்றியது என்பது எனக்கு ரொம்பப் பிடித்த இடம்.

மெஷினில் இரண்டு ரகம். முதல் வகை எட்டு இலக்கம் உள்ளே, பதினொன்று விடையில். 1954-ல் வந்த இரண்டாம் வகை பதினொன்றும் பதினைந்தும். கார் ராலிக்காரர்கள் குலுங்குகிற வண்டியில் உட்கார்ந்து இதைச் சுற்றியே நேரக்கணக்குப் போட்டார்கள். 1970 நவம்பரில் தயாரிப்பு நின்றது. 1972-ல் எச்பி-35 வந்ததும் கதை முடிந்தது.

வாங்குகிறவர்களுக்கு: அடியில் வரிசை எண் இருக்கும். இரண்டாம் வகையின் எண்கள் ஐந்து லட்சத்திலிருந்து ஆரம்பம். டப்பா இல்லாவிட்டால் விலை இறங்கும். டப்பா மூடிக்கு எதிர்மரை, பழக்கத்தில் வழக்கமான பக்கம் திருப்பினால் இன்னும் இறுகும். எண்ணெய் போடுகிறேன் என்று பிரித்த மெஷினை நான் தொடவே மாட்டேன். முதல் வகைக்கே அறுநூறு பாகங்கள் கிட்ட, திரும்பச் சேர்ப்பது லேசுப்பட்ட வேலை இல்லை.

விற்பவர் கதை சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஒரு சின்ன சோதனை செய்துவிடுங்கள். எல்லாவற்றையும் சுழியாக்கி, கடைசி இலக்கத்தில் 1 வைத்து, கைப்பிடியை மேலே இழுத்து ஒரு சுற்று. முதல் வகை என்றால் பதினொரு கட்டத்திலும் 9 வர வேண்டும். கீழே விட்டு இன்னொரு சுற்று, பதினொன்றும் சுழியாக வேண்டும். நடுவில் ஒரு கட்டம் தயங்கி நின்றாலும் விலையைப் பாதியாகக் கேளுங்கள்.