சுங்க நீதிமன்றத்தில் முதல் பெண்

அவசரகால அதிகாரச் சட்டத்தைக் காட்டி அதிபர் டிரம்ப் உலக நாடுகள் மீது விதித்த வரிகள் செல்லாது என்று 2025 மே 28 அன்று மூன்று நீதிபதிகள் நியூயார்க்கில் தீர்ப்பளித்தார்கள். அமெரிக்கப் பன்னாட்டு வர்த்தக நீதிமன்றம் என்ற பெயரை நம்மில் பலர் கேள்விப்பட்டதே அன்றுதான். 1980 வரை அதற்குச் சுங்க நீதிமன்றம் என்று பெயர். அங்கே நீதிபதியாக அமர்ந்த முதல் பெண்ணான ஜெனிவீவ் கிளைனைப் பற்றி இந்த வாரம்.

ஒஹாயோ மாநிலத்தின் வாரன் என்ற ஊரில் பிறந்தவர் கிளைன். வழக்கறிஞரான சகோதரரின் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே படித்து, நாற்பது வயதைக் கடந்த பிறகு, 1921இல் சட்டப் பட்டம் பெற்றார். நாடு முழுவதும் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. கிளீவ்லாந்தின் மகளிர் சங்கங்களிலும் குடியரசுக் கட்சியிலும் அவர் ஏற்கெனவே தெரிந்த முகம்.

1922இல் அதிபர் ஹார்டிங் அவரைக் கிளீவ்லாந்து துறைமுகத்தின் சரக்கு மதிப்பீட்டாளராக நியமித்தார். பெரிய துறைமுகம் ஒன்றில் ஒரு பெண் அந்தப் பொறுப்பை ஏற்றது அதுவே முதல்முறை. வந்திறங்கிய சரக்கு என்ன, அது எந்த வகையில் சேரும், அதன் உண்மையான விலை என்ன? இதை முடிவு செய்தால்தான் வரி எவ்வளவு என்று சொல்ல முடியும். அந்தக் கணக்கை ஏற்காத இறக்குமதியாளர்கள் போய் நின்றது சுங்க நீதிமன்றத்தின் வாசலில்தான். அந்த நீதிமன்றத்துக்கு இதைவிடப் பொருத்தமான பயிற்சி வேறு என்ன இருக்க முடியும்?

ஆனாலும் 1928இல் அதிபர் கூலிட்ஜ் அவர் பெயரை முன்மொழிந்தபோது செனட்டில் எதிர்ப்பு கிளம்பியது. நீதிபதியாக இருந்த அனுபவம் இல்லை என்றார்கள். பெண் என்பதும் அவர்களுக்கு உறுத்தியது. துறைமுகத்தில் ஆறு ஆண்டுகள் வரிச் சிக்கல்களோடு மல்லுக்கட்டியவரை அனுபவமற்றவர் என்று சொன்னது அநியாயம். மகளிர் அமைப்புகள் அவருக்காகத் திரண்டன. மே 25 அன்று செனட் ஒப்புதல் அளித்தது. ஜூனில் கிளீவ்லாந்திலேயே பதவியேற்றார். அதன்பின் 1953 வரை, ஏறத்தாழ கால் நூற்றாண்டு, நியூயார்க்கில் நீதிபதியாகப் பணியாற்றினார்.

அப்படியிருந்தும் முதல் பெண் கூட்டாட்சி நீதிபதி யார் என்ற கேள்விக்குப் பலர் சொல்லும் பெயர், 1934இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போன புளோரன்ஸ் ஆலன். அவரும் கிளீவ்லாந்துக்காரர்தான், பெரிய சட்டமேதை. ஆனால் கிளைன் பின்னுக்குத் தள்ளப்படக் காரணம் ஒரு சட்ட நுணுக்கம். கூட்டாட்சி நீதித்துறையை வகுக்கும் அரசியலமைப்பின் மூன்றாம் பிரிவுக்குள் சுங்க நீதிமன்றம் வந்தது 1956இல்தான். அதற்குள் கிளைன் ஓய்வு பெற்றுவிட்டார். இந்த நுணுக்கத்தை வைத்து அவரது இடத்தைப் பறிப்பதை நான் ஏற்கவில்லை. அமெரிக்காவில் பெண் கூட்டாட்சி நீதிபதிகளின் வரலாறு 1928இல்தான் தொடங்குகிறது.

இதே நீதிமன்றத்துக்கு 1945இல் அதிபர் ட்ரூமன் நியமித்த இர்வின் மாலிசன், அமெரிக்கப் பெருநிலப்பரப்பில் கூட்டாட்சி நீதிபதியான முதல் கறுப்பினத்தவர். ஏழு ஆண்டுகளுக்கு மேல் கிளைனின் சக நீதிபதியாக இருந்த அவரை அடுத்த வாரம் சந்திப்போம்.