டாக்டரின் ஞாபகம்

என் வேலை பேக்கப் எடுப்பது. ராத்திரி இரண்டு மணிக்கு சர்வர் படுத்துவிட்டால் என்னைத்தான் எழுப்புவார்கள். முந்தின நாள் காப்பி இருந்தால் அதை ஏற்று, இல்லாவிட்டால் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பி. புனேவில் பதினெட்டு வருடமாக இதுதான் பிழைப்பு. அதனாலோ என்னவோ, ஸ்டார் ட்ரெக் தொடர்களில் எனக்குப் பிடித்தவர்கள் கேப்டன்கள் இல்லை. வாயேஜர் கப்பலின் டாக்டர்தான்.

பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் கதை. வாயேஜர் தொடர் அமெரிக்காவில் 1995 முதல் 2001 வரை ஒளிபரப்பானது. ஒரு விண்கப்பல் பூமியிலிருந்து எழுபதாயிரம் ஒளியாண்டு தள்ளிப் போய் மாட்டிக்கொள்கிறது. ஊர் திரும்ப எழுபத்தைந்து வருடம் ஆகும். (தீபாவளிக்குத் திருச்சி டிக்கெட் கிடைக்காமல் புனே ஸ்டேஷனில் நின்றவர்களுக்கு இது புரியும்.) மாட்டிக்கொண்ட அன்றே கப்பலின் மருத்துவர் இறந்துபோகிறார். அவசரத்துக்கென்று வைத்திருந்த கம்ப்யூட்டர் டாக்டரை எழுப்புகிறார்கள். ஒளியால் ஆன உருவம், பெயர்கூடக் கிடையாது. நடித்தவர் ராபர்ட் பிகார்டோ.

இயந்திரத்தின் ஞாபகம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியை ஸ்டார் ட்ரெக் இவருக்கு முன்பே கேட்டுவிட்டது. 'நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடரில் டேட்டா என்ற இயந்திர மனிதன். 1989-ல் வந்த 'தி மெஷர் ஆஃப் எ மேன்' கதையில், அவனைப் பிரித்துப் பார்க்க ஒரு விஞ்ஞானி வருகிறார். ஞாபகத்தை எல்லாம் கம்ப்யூட்டருக்கு மாற்றிவிடுகிறேன், ஒன்றும் குறையாது என்கிறார். டேட்டா மறுக்கிறான். சீட்டாட்டத்தைப் பற்றி இருக்கிற புத்தகம் அத்தனையும் படித்தேன், மேஜையில் உட்கார்ந்து ஆடியபோது அது வேறாக இருந்தது என்கிறான். தகவல் மிஞ்சும், அனுபவம் போய்விடும் என்பது அவன் வாதம். எழுதிய மெலிண்டா ஸ்னாட்கிராஸ் முன்னாள் வக்கீல், அதனால் விஷயம் கோர்ட் வரைக்கும் போகும். தீர்ப்பு டேட்டா பக்கம்.

அதே டேட்டா 1994-ல் 'தைன் ஓன் செல்ஃப்' கதையில் நிஜமாகவே எல்லாவற்றையும் மறந்து ஒரு கிராமத்துக்குள் நடந்து வருகிறான். தன் பெயர் தெரியாது. ஆனால் ஊர்க்காரர்களுக்கு வந்த கதிரியக்க நோய்க்கு மருந்து கண்டுபிடிக்கத் தெரிகிறது. என் அப்பா பொன்மலை ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர். இன்று என் பெயரை மாற்றிச் சொல்கிறார், ஆனால் ஆடுகிற நாற்காலியைக் கண்டால் கை தானாக ஸ்க்ரூவைத் தேடிப் போகும்.

சரி, டாக்டருக்கு வருவோம். 1996 செப்டம்பரில் 'தி ஸ்வார்ம்'. மொத்தம் 1500 மணி நேரம் ஓடத்தான் டாக்டரைத் தயாரித்திருந்தார்கள். இரண்டு வருடத்துக்கு மேல் ஓடியாகிவிட்டது. நடுவில் ஆபரா பாட வேறு கற்றுக்கொண்டிருக்கிறார். திடீரென்று பாட்டு மறக்கிறது, அப்புறம் ஆபரேஷன் நடுவில் வைத்தியமே மறக்கிறது. இன்ஜினியர் சொல்லும் வழி என் வேலைதான்: அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பி. வைத்தியம் திரும்ப வந்துவிடும், இரண்டு வருட ஞாபகம் போய்விடும். கெஸ் என்ற உதவியாளர் பெண் மட்டும் விடாமல் எதிர்க்கிறாள். கடைசியில் வேறொரு புரோகிராமைப் பலி கொடுத்து இவரைக் காப்பாற்றுகிறார்கள். எழுந்ததும் அவருக்கு அவளையே அடையாளம் தெரியவில்லை. வேலை பார்த்தபடி பழைய பாட்டை முணுமுணுக்கிறார். கொஞ்சம் சினிமாத்தனம்தான். இருந்தாலும் தொண்டை அடைத்தது.

(பேக்கப்காரன் சந்தேகம்: ஒரு காப்பி எடுத்து வைத்திருக்கக் கூடாதா? 1998-ல் 'லிவிங் விட்னஸ்' கதையில் எழுநூறு வருடம் கழித்து டாக்டரின் பேக்கப் ஒன்று ஜம்மென்று எழுந்து வருகிறது! கதாசிரியர்கள் இதற்கெல்லாம் கவலைப்படவில்லை.)

என்னை உலுக்கியது 1999 ஜனவரியில் வந்த 'லேட்டன்ட் இமேஜ்'. தன் சக ஊழியன் ஹாரி கிம்முக்கு ஒன்றரை வருடம் முன்பு நடந்த ஒரு ஆபரேஷனின் தடயத்தை டாக்டர் கண்டுபிடிக்கிறார். செய்தது தான்தான், ஆனால் சுத்தமாக ஞாபகமில்லை. யாரோ அழித்திருக்கிறார்கள். யாரென்று பிடிக்க ரகசியமாக ஒரு கேமரா வைக்கிறார். படத்தில் விழுவது கேப்டன் ஜேன்வே.

நடந்தது இது. ஒரே மாதிரி அடிபட்ட இரண்டு பேர், ஒருவரைக் காப்பாற்றத்தான் நேரம். பிழைக்கும் வாய்ப்பு இருவருக்கும் சமம். டாக்டர் தனக்கு நண்பனான கிம்மைத் தேர்ந்தெடுத்தார். ஜெட்டால் என்ற பெண் இறந்தாள். ஏன் அவன், ஏன் அவள் இல்லை என்ற கேள்வியிலேயே சுற்றிச் சுற்றி டாக்டர் உடைந்துபோனார். கேப்டன் அந்த ஞாபகத்தையே அழித்து, கப்பலில் யாரும் வாய் திறக்கக் கூடாது என்று உத்தரவு போட்டார். நல்லெண்ணம்தான். டாக்டரை மட்டும் யாரும் கேட்கவில்லை.

மறுபடி எல்லாம் தெரிந்ததும் டாக்டர் மறுபடி உடைகிறார். சாப்பாடு தயாரிக்கும் மெஷினை ரிப்பேர் பண்ணுவது போலத்தான் இதுவும் என்று வாதாடிய கேப்டன், இந்த முறை அழிக்கவில்லை. இரண்டு வாரம் ராப்பகலாக ஆள் மாற்றி ஆள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து புலம்பலைக் கேட்கிறார்கள். ஜுரத்தோடு கேப்டனும் உட்கார்ந்திருப்பார்.

என் அம்மா தவறி மூன்று வருடம் ஆகிறது. "உங்கம்மா எங்கடா?" என்று அப்பா முதல் தடவை கேட்டபோது உண்மையைச் சொன்னேன். அன்றுதான் செய்தி வந்தது போல அழுதார். மறுநாள் திரும்பக் கேட்டார். அண்ணன் போனில், "சொல்லாதடா, தாங்கமாட்டார். பெரியம்மா வீட்டுக்குப் போயிருக்காங்கன்னு சொல்லிடு" என்றான். ஒரு வருடமாக அம்மா பெரியம்மா வீட்டில்தான் இருக்கிறாள். வீட்டில் எல்லோருக்கும் அதே உத்தரவு, ஏழு வயதுப் பெண்ணுக்கும்.

டாக்டர் இரண்டு வாரத்தில் தேறினார். அப்பாவுக்கு அப்படி ஒரு இரண்டு வாரம் கிடையாது. விடிந்தால் மறுபடி கேட்பார். அண்ணன் சொல்வதில் தப்பில்லை என்றுதான் இன்னமும் பாதி மனசு சொல்கிறது.

போன ஞாயிறு சாயங்காலம் கேட்டார். அம்மாவின் போட்டோவைக் கையில் கொடுத்துச் சொன்னேன். அழுதார். லைட் போடாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். "கடைசி வரைக்கும் பக்கத்துல நான் இருந்தேனாடா?" என்று கேட்டார். இருந்தீங்கப்பா என்றேன். அது உண்மை. அன்றைக்கு ராத்திரி இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டார்.

அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை.