கோல்ட்டின் சுழல்துப்பாக்கியும் அரத்தின் பணியும்

அமெரிக்கராகிய சாமுவேல் கோல்ட் 1851-இல் இலண்டன் பெருங்காட்சியில் வைத்த சுழல்துப்பாக்கிகள் பொறிகளால் ஆக்கப்பட்டவை. அவற்றின் உறுப்புகள் ஒரே அளவின ஆதலின், பழுதுற்றதை நீக்கி வேறொன்றை அப்படியே பொருத்தலாம் என்பர். இக்கூற்று ஆராய்தற்குரியது.

குதிரையைப் பின்னிழுக்குந்தோறும் ஒரு நெம்பு உருளையைச் சுழற்றுகின்றது. ஒரு தாழ் அதனைக் குழலுக்கு நேரே நிறுத்துகின்றது. மிகுதியாகச் சுட்டுப் பழகிய துப்பாக்கியில் இவை தேயும். தேய்ந்தவழி, உருளையின் அறை குழலினின்றும் சிறிது விலகும். குண்டின் ஈயம் சீவப்பட்டுத் தெறிக்கும்.

அத்துப்பாக்கிகளின் குழல், உருளை, சட்டம் முதலிய உறுப்புகளில் ஒரே வரிசையெண் பொறிக்கப்பட்டிருத்தலைக் காண்கின்றோம். அவை முற்றும் ஒத்தனவாயின் இவ்வெண் எற்றுக்கு? பொறியினின்றும் வந்தவற்றைத் தொழிலாளர் அரத்தால் இழைத்து ஒன்றோடொன்று இயைத்தனர். பின்னர்ப் பிரித்தபொழுது, இயைந்தவை பிறவற்றோடு கலவாமைப் பொருட்டே எண்ணிட்டனர் என்க.

ஆகவே, புதிய தாழைப் பெற்றவனும் அதனை அளவறிந்து இழைக்கும் துப்பாக்கிக் கொல்லனை நாட வேண்டியவனாயினான். பொறி வந்தது, கைத்திறன் மறைந்தது என்னும் வரலாறு ஆக்கியோனை மட்டும் நோக்கி எழுதப்பெற்றது. பழுது தீர்த்தோனையும் நோக்கின் அது திருத்தம் பெறும் என்பதே நம் துணிபு.